சோம்பேறிச் செடிக்கு ஒரு வக்காலத்து

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கணக்காய்வுப் பாடத்தில் ஒரு குழு வேலை. குழுவில் ஐந்து பேர், வேலை செய்தது இரண்டு பேர். மிச்ச மூன்று பேரும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும், வாசிக்கட்டும் :-)

போன முறை கடன் அட்டை வட்டி பற்றி எழுதினேன். அதற்கு முதல் பஸ்ஸில் சத்தமாகக் கதைப்பவர்கள் பற்றி. இந்த முறை ஒரு செடி. வணிகம் படிக்கிறவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கவேண்டாம். மூன்று வருடமாக இந்தச் செடியோடும், இந்தச் செடிக்காக அப்பாவோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஸ்காபரோவில். 2019இல் வாங்கியது. அதற்கு முதல் ஏழு வருடத்தில் நான்கு பேஸ்மென்றில் இருந்தோம். வீட்டின் முன்வளவு தட்டையான நிலமில்லை. வாசலில் இருந்து நடைபாதை வரை ஒரு சரிவு, கிட்டத்தட்ட 12 அடி அகலம், 8 அடி நீளம். தெற்குப் பார்த்தது, வெயில் நாள் முழுக்க விழும். அந்தச் சரிவில் புல்.

அப்பாவுக்கு அந்தப் புல் என்றால் உயிர். சொந்தப் புல் என்பது சொந்த வீட்டின் அத்தாட்சி மாதிரி. இரவு வேலை முடிந்து வந்து, நான்கு மணித்தியாலம் படுத்துவிட்டு, சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டுவார். சரிவில் மெஷின் நேராக நிற்காது. மேலே நின்று கைபிடியில் கயிறு கட்டிக் கீழே இறக்கி இறக்கி வெட்டுவார். எங்கள் தெருவிலேயே அப்படி வெட்டும் வீடு நான்கு இருக்கிறது, அதனால் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

2021 யூனில் ஒரு நாள், இரவு பெய்த மழை காயமுதலே வெட்ட இறங்கி வழுக்கினார். மெஷின் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். கணுக்கால் சுளுக்கோடு தப்பினார். கத்தி கால் பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு கிழமையும் வீட்டுக் கடன் தவணை மட்டும் ஒழுங்காக வந்து நின்றது. அப்போதுதான் யோசித்தேன்: இந்த 96 சதுர அடிப் புல்லை நாங்கள் வளர்க்கிறோமா, இல்லை அது எங்களை வளர்க்கிறதா?

தேடியபோது கிடைத்ததுதான் படர் ஜூனிப்பர். ஆங்கிலத்தில் கிரீப்பிங் ஜூனிப்பர், தாவரவியல் பெயர் ஜூனிபெரஸ் ஹொரிசொன்ராலிஸ். மோயன்க் என்ற ஜேர்மன் தாவரவியலாளர் 1794இல் வைத்த பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: கிடையாக, தரையோடு தரையாகப் படுத்து வளர்வது. பைன், ஸ்புரூஸ் மாதிரி இதுவும் கூம்புத் தாவரம். பனிக்காலத்திலும் இலை கொட்டாது. கனடா இதன் சொந்த ஊர்: அலாஸ்காவில் இருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை காட்டில் தானாக வளர்கிறது. ஒன்ராறியோவில் புரூஸ் தீபகற்பம், மனிற்றூலின் தீவுப் பக்கம் போனால், சுண்ணாம்புப் பாறை மேல் ஒரு சாண் மண்கூட இல்லாத இடத்தில் பாய் விரித்த மாதிரிப் படுத்திருக்கும். பசளையும் தண்ணீரும் ஊற்றி நாங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும் புல்லைவிட, யாருமே கவனிக்காத பாறையில் இது நன்றாக இருக்கிறது.

அம்மம்மாவுக்குப் படத்தைக் காட்டியபோது, "உது எங்கட சவுக்கெல்லோ" என்றார். காரைநகர் கசூரினா கடற்கரை ஞாபகம் வந்திருக்கவேண்டும். பார்வைக்கு இரண்டும் ஊசி இலை மாதிரித்தான். ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம், கூம்புத் தாவரமே இல்லை. ஜூனிப்பரில் நீலமாக உருண்டையாக இருக்குமே, பழம் மாதிரி, அதுதான் உண்மையில் பழமில்லை, சதைப்பிடிப்பான கூம்பு. இதை விளக்கிவிட்டு அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய கேள்வி வேறு.

"பூவும் இல்லை, காயும் இல்லை, கீரையும் இல்லை. ஆட்டுக்குக் குழையெண்டாலும் ஆகுமோ மோனை?"

ஆகாது என்றேன். அத்தோடு அம்மம்மாவின் வாக்கு போய்விட்டது. அம்மா சாமிப்படத்துக்கு வைக்கப் பூ இல்லாத செடி எதற்கு என்றார். வீடு வாங்கித் தந்த மாமா, "விக்கிற நேரம் முன்னுக்குப் பச்சைப் புல்லு இருந்தாத்தான் எடுப்பு" என்றார். தங்கச்சி எதையும் சொல்லவில்லை, கைத்தொலைபேசியில் இருந்தாள்.

அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "சரிவு முழுக்க மூட எவ்வளவு காலம் எடுக்கும்?"

"மூண்டு, நாலு வருசம்."

"நாலு வருசமோ! அதுக்குள்ள நாங்கள் எங்க இருக்கிறமோ, ஆருக்குத் தெரியும் பிள்ளை."

25 வருடத்துக்கு வீட்டுக் கடன் எழுதிக் கையெழுத்து வைத்த மனிதர் சொன்ன வார்த்தை இது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், என் வகுப்பு மக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். கழிவு வீதம் என்று ஒன்று படிக்கிறோம். எதிர்காலத்தில் வரும் காசு இன்றைக்கு எவ்வளவு பெறுமதி என்று கணிக்கும் வீதம். மூன்று வருடம் கழித்து வரும் 100 டொலர், 5 சதவீதத்தில் கழித்தால் இன்றைக்கு ஏறக்குறைய 86 டொலர். அதையே 50 சதவீதத்தில் கழித்தால் 30 டொலர்தான். நாளைக்கு என்ன நடக்குமோ என்ற பயம் கூடக் கூட வீதமும் கூடும். அப்போது மெதுவாக வரும் எந்த நன்மையும் பெறுமதி இல்லாமல் போய்விடும். இன்றைக்கே கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் பெறுமதி.

அப்பா பதினாறு வயதில் வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று நட்டவர். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது அது காய்க்கத் தொடங்கவில்லை. பிறகு அவர் போய்ப் பார்க்கவும் இல்லை. இதை அம்மாதான் எனக்குச் சொன்னார், அப்பா இல்லை. அவருடைய கழிவு வீதத்தை எந்தப் பாடப் புத்தகமும் கணிக்காது. ஒரு நாளில் விரிக்கும் புல்லுப்பாய்தான் அவருக்குத் தோட்டம். அதனால் நான் வாக்குவாதம் பண்ணுவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். அப்பாவோடு கதைப்பதற்குக் கணக்கு நல்ல மொழி.

புல்லின் செலவு: விதை, மண், பசளை எல்லாம் சேர்த்து எங்கள் சரிவுக்கு வருடம் ஏறக்குறைய 60 டொலர். அப்பாவின் நேரம், 25 சனிக்கிழமை, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், ஆக 12.5 மணித்தியாலம். இதில் கணுக்கால் சேர்க்கவில்லை.

ஜூனிப்பர் செலவு: கடையில் ஒரு சட்டிக் கன்று 18 டொலர். எத்தனை வேண்டும் என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கடையில் இருந்தவர் இரண்டு அடிக்கு ஒன்று நடச்சொன்னார். அப்படியென்றால் ஒன்றுக்கு 4 சதுர அடி, எங்கள் சரிவுக்கு 24 கன்று, 432 டொலர். நட்ட அன்றைக்கே கொஞ்சம் நிறைவாகத் தெரியும், உண்மை. ஆனால் சட்டியில் தொங்கிய அட்டையை வாசியுங்கள்: உயரம் 6 அங்குலம், அகலம் 6 முதல் 8 அடி. குள்ளம் என்பது உயரத்துக்கு மட்டும்தான். அகலத்தில் இது பெரிய மனிதர். நான்கு அடிக்கு ஒன்று நட்டால் ஒன்றுக்கு 16 சதுர அடி, ஆறு கன்று போதும், 108 டொலர். மரப்பட்டைத் தூள் 8 பை, ஒன்று 5 டொலர் வீதம் 40. மொத்தம் 148 டொலர், வரி தனி. புல்லுக்குப் போகும் 60 டொலரோடு பார்த்தால் இரண்டரை வருடத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும்.

அப்பா கணக்கை இரண்டு தரம் பார்த்தார். "148தானே, செத்தாலும் பறவாயில்லை" என்றார். ஒப்புதல் கிடைத்த விதம் அது. நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

2022 மே மாதம் நட்டோம். நான் தேர்ந்தெடுத்தது வில்ரோனி என்ற வகை, கடையில் புளூ ரக், அதாவது நீலக் கம்பளம் என்று விற்பார்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கு அப்பால் வைனல்ஹேவன் என்று ஒரு தீவு. அங்கே காட்டில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு செடியை 1914இல் கனெற்றிக்கட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த வான் ஹைனிங்கன் என்பவர் கண்டெடுத்தார். பிறகு தண்டு வெட்டி வேர்விட வைத்துப் பெருக்கினார்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஆக எங்கள் சரிவில் இருப்பதும், உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பதும், எல்லாமே அந்த ஒரே செடியின் துண்டுகள். கனடாக் கதை வேண்டுமென்றால் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் என்ற வகை இருக்கிறது. 1931இல் ஆல்பர்ட்டாவில் எடுத்து, மனிற்றோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் 1967இல் வெளியிட்டது. அது பச்சை, இது நீலம். இரண்டுமே எங்கள் குளிரைவிட எவ்வளவோ மோசமான குளிரைத் தாங்கும். ரொறன்ரோ குளிர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குளிர் கொல்லாது. கொல்வது ஈரம். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

எங்கள் மண் களி. மழை பெய்தால் பிசின், வெயில் அடித்தால் செங்கல். சரிவில் தண்ணீர் வழிந்துவிடும் என்பதால் ஐந்து கன்றுக்குப் பிரச்சினை வரவில்லை. ஆறாவதை பீலித் தண்ணீர் வந்து விழும் மூலையில் நட்டேன். வடிவாக இருக்கும் என்று நினைத்தேன். ஓகஸ்ட் மாதமே உள்ளே இருந்து மஞ்சளாகி, செப்டெம்பரில் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகிக் கிடந்தது. கூடவே இன்னொரு பிழையும் தெரிந்தது: சட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்த வேரைப் பிரிக்காமல் அப்படியே குழியில் வைத்திருக்கிறேன், மண்ணுக்குள் போயும் அது சட்டி வடிவத்திலேயே இருந்தது. நடும்போது அந்த வேர்ச்சுற்றைக் கையால் பிரித்து, தேவையென்றால் கத்தியால் கீறிவிடவேண்டும். சட்டியில் இருந்த மட்டத்துக்குக் கீழே புதைக்கவும் கூடாது. முதல் கோடை மட்டும் கிழமைக்கு ஒரு தரம், அடிவேர் நனையும்படி தண்ணீர். அதுவும் வேருக்கு, இலைக்கு மேலால் அல்ல. இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால் நுனி கருகும் பூஞ்சை நோய் வரும், ஃபொமொப்சிஸ் என்று பெயர். புதுத் துளிரைத்தான் முதலில் பிடிக்கும். ஒரே செடியின் துண்டுகள் என்று சொன்னேனே, அதனால் ஒன்றுக்குப் பிடித்தால் மற்றதெல்லாம் அதே பலவீனத்தோடுதான் நிற்கும்.

மிச்சம் ஐந்து. அப்பா எண்ணிப் பார்த்து, "ஆறில ஒண்டு நட்டம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பனிக்காலம். நவம்பரில் நீலம் மங்கி, கத்தரிப்பூ நிறமாக மாறத் தொடங்கியது. வில்ரோனிக்கு அது வழமை, குளிரில் அப்படித்தான் நிறம் மாறும், வசந்தத்தில் திரும்ப நீலமாகும். இதை வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன். அப்பாவுக்கும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஏப்ரலில் ஸ்நோ கரைந்த கையோடு ஒரு நாள் பல்கலைக்கழகத்தால் வந்து பார்த்தால், நடுவில் இருந்த கன்று பிடுங்கி நடைபாதையில் கிடக்கிறது. "செத்துப் போச்சு, பிள்ளை" என்றார். நான் நகத்தால் தண்டைக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை.

அன்றைக்கு நான் கொஞ்சம் கூடுதலாகக் கத்திவிட்டேன். இரவு வேலைக்குப் போகும் மனிதரைப் பிடித்து, உங்களுக்குப் பொறுமையே இல்லை, எதையும் வளரவிடமாட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். மாங்கன்று எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் அந்தச் சொல் வாயில் வந்திருக்காது. திரும்ப நட்டோம், பிடிக்கவில்லை. மே மாதம் நான் பரீட்சை முடிந்து எழும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் புதுக் கன்று ஒன்று நிற்கிறது. வேரைச் சுற்றி மண் கொத்தி, பட்டைத் தூள் போட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தது. யார் வாங்கியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 18 டொலர் விலைச்சிட்டை மட்டும் குசினி மேசையில் கிடந்தது. அதை என் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

இனி, இதைப் புகழ்ந்து எழுதுபவர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன்.

ஒன்று, களை. நட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்பது பொய். கிளைகள் ஒன்றோடு ஒன்று சேரும் வரை இடைவெளி முழுக்க களைக்குத்தான் சொந்தம். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் வீட்டு வளவில் அழகுக்காக வழமையான இரசாயனக் களைகொல்லி அடிப்பது தடை, நல்ல சட்டம்தான், ஆனால் கைதான் மருந்து. முதல் இரண்டு கோடையும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் நான் பிடுங்கினேன். நேரக் கணக்கில் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் புல்தான் வென்றது. மூன்றாம் வருடம் மாதத்துக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது.

இரண்டு, களைக்குப் பயந்து கறுப்புத் துணி விரிக்காதீர்கள். இந்தச் செடியின் கிளை மண்ணைத் தொடும் இடத்தில் வேர் விடும். சரிவில் மண் அரித்துப்போகாமல் பிடித்து வைப்பதே அந்த வேர்கள்தான். துணி விரித்தால் கிளைக்கும் மண்ணுக்கும் நடுவில் சுவர் கட்டிய மாதிரி. இரண்டு, மூன்று அங்குலம் பட்டைத் தூள் போதும், தண்டோடு முட்டாமல்.

மூன்று, வெட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெரு முனை வீட்டில் பாதைக்கு ஒரு அடி தள்ளி ஜூனிப்பர் நட்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது பாதைக்கு மேல் வந்துவிட்டது. கத்தரியால் நேராக வெட்டினார்கள். இப்போது அந்தப் பக்கம் முழுக்க மண்ணிற எலும்புக்கூடு. ஜூனிப்பரில் இலை இல்லாத பழைய தண்டு வரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. புல்லுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். புல் எத்தனை தரம் பிழைவிட்டாலும் மன்னிக்கும். இது மன்னிக்காது. இடத்தை முதல் நாளே சரியாகக் கொடுத்துவிடவேண்டும்.

நான்கு, இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. பிள்ளைகள் பந்தடிக்கும் இடத்தில் வேண்டாம், மிதித்தால் தாங்காது, இலையும் குத்தும். மேப்பிள் மர நிழலில் வேண்டாம், குறைந்தது ஆறு மணித்தியால வெயில் இல்லையென்றால் நடுப்பகுதி வெளித்து வரும். அரை நிழல் என்றால் மைக்ரோபயோற்றா என்று ரஷ்யாவின் தூர கிழக்கு மலைகளில் இருந்து வந்த வேறு படர் கூம்புச்செடி இருக்கிறது, அது கொஞ்சம் நிழல் தாங்கும். பனிக்காலத்தில் அதுவும் மண்ணிறமாகும், அப்பாமாருக்கு முதலே சொல்லி வையுங்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வாசிப்பவர்களுக்கு: ஆசைப்படவேண்டாம். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத, இரவிலும் புழுங்கும் இடம் இதற்குச் சரிவராது. உங்கள் மண்ணுக்கென்று படரும் செடிகள் இருக்கின்றன. இந்த வாதமே அதுதான், அந்தந்த மண்ணில் சும்மா வளர்வதை வளருங்கள் என்பது.

ஐந்து, மாமா சொன்னது. வீடு விற்கும் நேரம் பச்சைப் புல் எடுப்பு என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் என்றைக்கோ ஒரு நாள் வந்து பத்து நிமிடம் பார்க்கப்போகும் ஆளுக்காக, இங்கே தினமும் இருக்கும் நாங்கள் ஏன் கயிறு கட்டி மெஷின் இறக்கவேண்டும்? வீட்டை விற்பனைப் பொருளாக மட்டும் பார்த்தால், அதில் குடியிருப்பவர்கள் காவல்காரர் ஆகிவிடுவார்கள். வணிகம் படிக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

என் கருத்து இவ்வளவுதான். பின்வளவில் உங்கள் விருப்பம், கீரையோ, மிளகாயோ, புல்லோ. ஆனால் வெயில் விழும் சரிவில் புல் வளர்ப்பது ஒரு கெட்ட பழக்கம். கடையில் இருக்கும் பழக்கமும் அதேதான்: இன்றைக்கே நிறைந்து தெரியவேண்டும் என்று 24 கன்று விற்பது. அவசரத்துக்குக் கொடுக்கும் விலை முதலில் காசிலும், பிறகு கத்தரியிலும் தெரியும். மெதுவாக வளர்வது ஒரு குறை என்று நாங்கள் பழகிவிட்டோம். இந்தச் செடியைப் பொறுத்தவரை அதுதான் அதன் குணம், ஒரு தரம் மூடிவிட்டால் பிறகு எதையும் கேட்காது.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பீர்கள். மூன்றரை வருடம் முடிந்தது. நான்கு கன்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அப்பாவின் கன்று ஒரு வருடம் பின்னால் வருகிறது. பீலித் தண்ணீர் மூலையில் அம்மம்மா ஒரு பழைய வாளியின் அடியில் ஓட்டை போட்டுப் புதைத்து, புதினா வைத்திருக்கிறார். "இதெண்டாலும் சம்பலுக்கு ஆகும்" என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் கேட்கச் சொல்வார். புல்லு வெட்டும் மெஷின் இப்போது பின்வளவுக்கு மட்டும்.

போன கிழமை முதல் ஸ்நோ. தங்கச்சி சவளால் அள்ளி அள்ளிச் சரிவுப் பக்கம் எறிந்துகொண்டிருந்தாள். பாரமான ஸ்நோ குவிந்தால் கிளை முறியும், சொல்லவேண்டும் என்று நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்க, வேலையால் வந்து காரை விட்டு இறங்கிய அப்பாவின் சத்தம் கேட்டது.

"அந்தப் பக்கம் கொட்டாதை பிள்ளை, கண்டு நிக்குது. இன்னும் ஒரு வருசத்தில முழுக்க மூடிடும்."

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பி.கு: உங்கள் வீட்டுச் சரிவில் என்ன இருக்கிறது, யார் வெட்டுகிறார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். புல்லுக் கட்சிக்காரர்களும் வரலாம், ஆனால் கணக்கோடு வரவும்.